பழைய போக்கோ எஃப்1-இல் லீனியேஜ் ஓஎஸ் போடலாமா?

கேள்வி: 2018-இல் வாங்கிய போக்கோ எஃப்1 வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, போன் இன்னும் நன்றாக ஓடுகிறது. லீனியேஜ் ஓஎஸ் போடலாமா? வங்கி ஆப்கள் ஓடுமா?

லீனியேஜ் ஓஎஸ் என்பது போனோடு வந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச ஆண்ட்ராய்டு பதிப்பு. போடலாம், ஆனால் இது உங்களுடைய ஒரே போன் என்றால் வேண்டாம். காரணம் நீங்கள் கேட்ட வங்கி ஆப்தான். லீனியேஜ் போட பூட்லோடரை, அதாவது போன் எழும்போது முதலில் ஓடும் நிரலை, அன்லாக் செய்தாக வேண்டும். பல வங்கி, யூபிஐ ஆப்கள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை மூலம் அதைக் கண்டுபிடித்துத் திறக்க மறுக்கும். இன்று ஓடுகிற ஆப் அடுத்த அப்டேட்டில் நிற்கலாம். இதற்குக் குறுக்குவழிகள் உண்டு, ஆனால் மாதாமாதம் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பணம் புழங்கும் போனில் அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்காது. பூட்லோடரைத் திரும்ப லாக் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்புறம் போன் எழாமலே போகலாம்.

இரண்டாவது போனாக என்றால் தாராளமாக. சயனோஜன்மாட் என்ற இதேபோன்ற பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் வாரிசாகக் கிளம்பியதுதான் லீனியேஜ், எல்லாம் தன்னார்வலர்கள் உழைப்பு. லீனியேஜ் தளத்தில் உங்கள் போனுக்கு 'பெரிலியம்' என்று பெயர். வேறு மாடலின் கோப்பைத் தவறிக்கூட ஏற்றாதீர்கள். அன்லாக் செய்ய ஷாவ்மி கணக்கு வேண்டும், விண்ணப்பித்தபின் சில நாள் காக்க வைப்பார்கள். அன்லாக் ஆகும் நொடியில் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். முன்பு ஒருமுறை நான் வாட்ஸ்அப் பேக்கப்பை மறந்து நாலு வருடப் பேச்சைத் தொலைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று, லீனியேஜில் கூகுள் ஆப்கள் கிடையாது. பிளே ஸ்டோர் வேண்டுமானால், லீனியேஜை ஏற்றிய கையோடு, முதல்முறை பூட் ஆகும் முன்பே ரெக்கவரியிலிருந்து (மென்பொருள் ஏற்ற உதவும் தனித் திரை) மைண்ட்-தி-கேப்ஸ் என்ற கூகுள் ஆப் தொகுப்பையும் ஏற்றிவிடுங்கள். பூட் ஆனபின் நினைவு வந்தால் மறுபடி அழித்துத்தான் தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு முழுசாக வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு பக்கத்து ஓட்டைகள் அடைபடும். ஸ்னாப்டிராகன் 845 சிப்பின் மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) போன்றவற்றின், மூல நிரல் வெளியிடப்படாத மென்பொருளை ஷாவ்மியும் குவால்காமும்தான் திருத்த முடியும், அது பழையபடியே இருக்கும். பாட்டு கேட்க, புத்தகம் படிக்க, பிள்ளைகளின் வகுப்புக்கு இது போதும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.