ஆஸ்துமா இருந்தவரின் மரணச் சான்றிதழில் நிமோனியா என்று இருந்தால் தவறா?

தாத்தாவுக்கு 30 வருடமாக ஆஸ்துமா, சான்றிதழிலோ நிமோனியா, தப்பாக எழுதிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஆஸ்துமாவோடு இறப்பது வேறு, ஆஸ்துமாவால் இறப்பது வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மரணச் சான்றிதழ்ப் படிவத்தில் முதல் பகுதி ஒரு சங்கிலி: கடைசியாக நடந்தது மேலே, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய் அடியில். புள்ளிவிவரத்துக்குப் பெரும்பாலும் அந்த அடிவரிதான் போகும். நிலைமையை மோசமாக்கிய மற்ற நோய்கள் இரண்டாம் பகுதியில்.

குழப்பம் அதிகம் வருவது முதியவர்களிடம்தான். புகைபிடித்தவர்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் இதே இரைப்பு, இதே இன்ஹேலர் பம்ப். இதயம் பலவீனமானாலும் இரைக்கும். வீட்டில் நாம் எல்லாவற்றையும் 'இழுப்பு' என்று சொல்லிவிடுவோம், அது வேறு கதை. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிப் பார்க்காமல் மருத்துவருக்கே பிரிப்பது கடினம்.

அதனால்தான் ஆய்வாளர்கள், இந்தக் குழப்பம் குறைவான 5 முதல் 34 வயதுக்காரர்களின் ஆஸ்துமா மரண எண்ணிக்கையை அதிகம் நம்பினார்கள். 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் எகிறியபோது, பதிவுமுறைக் கோளாறோ என்ற சந்தேகம் எழுந்தது. இளவயதினரிடமும் உயர்வு தெளிவாக இருந்ததால், வெறும் பதிவுக் கோளாறு என்று ஒதுக்க முடியவில்லை. பிறகு சந்தேகப் பார்வை ஃபெனோட்டெரால் என்ற இன்ஹேலர் மருந்தின் பக்கம் திரும்பியது.

சரி, உங்கள் விஷயம். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே மரணம் பதிவாகிவிடுகிறது. ஆகவே முதலில் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். தாத்தாவின் பழைய ஸ்பைரோமெட்ரி முடிவுகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.