ஃபாஸ்ட்பேக் காரின் டாப்பை வெட்டி இறக்குவது: கேட்டவர்களுக்குப் பதில்

கலிபோர்னியாவில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பழைய கார்களின் டாப்பை வெட்டித் தாழ்த்துகிற வேலை என்னுடையது. இந்த வேலைக்கு இங்கே சாப் என்று பெயர். இப்போது கையில் இருப்பது 1950 செவ்ரோலே ஃப்ளீட்லைன், இரண்டு கதவு. படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டதற்கெல்லாம் மொத்தமாக இங்கே.

கேள்வி: ஃபாஸ்ட்பேக் என்றால் என்ன அண்ணே, டாப்பை ஏன் வெட்டணும்?

கூரை உச்சியிலிருந்து பின் பம்பர் வரை ஒரே சறுக்கலாக இறங்குகிற கார். ப்யூக் செடனெட்டும் இந்த ஜாதிதான். ஃப்ளீட்லைன் 1952-ஓடு நின்றுவிட்டது. அந்தக் காலத்து ஆட்கள் தொப்பியோடு ஏறி உட்கார்வார்கள் போல, டாப் அவ்வளவு உயரம். மூன்று அங்குலம் இறக்கிப் பாருங்கள், அதே கார் பதுங்குகிற பூனை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மெர்குரி காரை எத்தனையோ பேர் வெட்டியிருக்கிறார்கள். இதில் மட்டும் என்ன அவ்வளவு கஷ்டம்?

இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். சறுக்கல் ஓர் அங்குலம் இறங்க மூன்று அங்குலம் நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப்பை நேராக நாலு அங்குலம் கீழே வைத்தால், பழைய கோட்டைத் தொட பின்பக்கம் 12 அங்குலம் நீளணும். அவ்வளவு தகரத்தைச் செருகி வளைவையும் கெடுக்காமல் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அதனால் இதில் டாப்பை இறக்குவதில்லை, சாய்ப்பதுதான். பின்கண்ணாடிக்குக் கீழே, டிக்கி மூடி தொடங்குகிற இடத்தைக் கீல் மாதிரி விட்டுவிட்டு, முன்கண்ணாடியின் இரு பக்கத் தூணில் முழு அளவும் பின்னால் போகப்போகக் குறைந்து ஒன்றுமில்லாமலும் ஆகிற மாதிரி ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கிறோம். பாரிஸ் சகோதரர்களின் பட்டறை ஹிரோஹாட்டா என்பவருக்குச் செய்துகொடுத்த புகழ்பெற்ற 1951 மெர்குரியில் முன்னே 4, பின்னே 7 அங்குலம் என்பார்கள், அதாவது பின்னால்தான் அதிக வெட்டு. இங்கே அப்படியே தலைகீழ்.

சாய்த்த பிறகு கீல் இருக்கிற இடத்தில் முதுகு ஒடிந்த மாதிரி ஒரு மடிப்பு தெரியும். டிக்கி மூடியிலும் கீற்றுக் கீற்றாக வெட்டி வளைத்து அதைக் கரைக்கணும். என் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது. வெட்டிய முன் தூண்களின் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றுக்கொன்று நேராக உட்காராது, ஏனென்றால் அவை பின்னால் சாய்ந்தவை, கீழ்த் துண்டின் முனை முன்னால் நிற்கும். அடியில் கீறி பின்னால் வளைத்துச் சேர்ப்பேன்.

கேள்வி: கண்ணாடியை என்ன செய்வீர்கள்?

முன்கண்ணாடி இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்தது. இரண்டு பக்கமும் கீறி, உடைத்து, ஏட்டை பிளேடால் அறுத்துவிடலாம். பின்கண்ணாடி டெம்பர் செய்தது, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது, வெட்ட முடியாது. வெட்டத் தொட்டாலே கற்கண்டாக உதிரும். (ஒருமுறை சும்மா ஓரத்தைத் தேய்க்கப் போய், தரை பூராவும் பொறுக்கினேன்.) அதனால் கண்ணாடியை முழுசாக வைத்துக்கொண்டு அது உட்காரும் சட்டத்தைத்தான் சாய்க்கணும்.

கேள்வி: சார், பட்டி போட்டு மூடினால் போதாதா?

மெல்லிசாகப் போட்டால் தப்பில்லை. ஒரு விரல் கனத்துக்கு அப்பினால் ஒருநாள் வெடிக்கும். பழைய ஆட்கள் ஈயம்தான். காரீயம் 70, வெள்ளீயம் 30. இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், முழுக்க உருக இன்னும் எழுபது டிகிரி போல ஆகும், அந்த இடைவெளியில் வெண்ணெய் மாதிரி இருக்கும்போது மரத்துடுப்பால் வழித்து விடுவது. நம்ம ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் சுத்தம் செய்து நவச்சாரம் போடுவாரே, இதிலும் அந்த முதல் பூச்சு பிடிக்காவிட்டால் மேலே வைத்ததெல்லாம் உரிந்து வரும். தேய்க்கும்போது ராவுகிற அரம்தான், மெஷின் வேண்டாம், தூள் மூச்சில் போனால் விஷம்.

கேள்வி: வெட்டுவதற்கு முன் முதல் வேலை எது?

உள்ளே சதுரக் குழாய் வைத்து, கதவுச் சட்டத்துக்குச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் வெல்டு வைத்துப் பூட்டுங்கள். கார் சக்கரத்தில் நிற்கணும், ஜாக்கியில் அல்ல. ஆரம்ப காலத்தில் ஒரே ஒரு குழாயை நம்பி அறுத்தேன். டாப்பைத் தூக்கியதும் பாடி விரிந்து, இடது கதவு அதன்பின் மூடவே இல்லை. அதைச் சரிசெய்ய ஆன நாளில் இன்னொரு டாப்பை வெட்டியிருக்கலாம்.

கேள்வி: எத்தனை அங்குலம் வெட்டலாம்?

பக்கவாட்டில் தூர நின்று ஒரு போட்டோ எடுத்து, பெரிசாக அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிப் பாருங்கள். ஃப்ளீட்லைனில் முன்னால் மூன்றரைக்கு மேல் போனால் எனக்குப் பிடிப்பதில்லை, பீரங்கி வண்டி ஜன்னல் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: துருவே இல்லாத, பெயின்ட் மாறாத 1949 கார் ஒன்று கிடைத்திருக்கிறது. வெட்டலாமா?

வேண்டாம் தம்பி. அதை அப்படியே ஓட்டுங்கள். டாப் நல்லா இருந்து, தரை மட்டும் துருப்பிடித்த வேறொன்றைத் தேடி வாங்கி அதில் கை வையுங்கள். தரைத்தகரம் புதிதாகப் போட்டுவிடலாம்.