பதிப்புரிமைச் சான்றிதழில் பிழை: எங்கே திருத்துவது?

கேள்வி: அங் மோ கியோவில் வசிக்கிறேன். நானும் தோழியும் சேர்ந்து எழுதிய சிறுவர் கதைத் தொகுப்பை மின்னூலாக வெளியிட்டு, அமெரிக்காவில் பதிப்புரிமை பதிவு செய்தோம். சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு, தோழியின் பெயரோ விடுபட்டே போயிருக்கிறது. இரண்டாம் பதிப்பில் 4 புதுக் கதைகள் சேர்க்கிறோம். எல்லாவற்றையும் இங்கேயே திருத்திக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவேடே இல்லை. கதையை எழுதி முடித்ததுமே உரிமை தானாக வந்துவிடும். 2021ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. அறிவுசார் சொத்து அலுவலகம் வணிகச் சின்னங்களைப் பதியும், கதைகளைப் பதியாது. இது தெரியாமல் யாரிடமோ காசு கொடுத்து ‘சிங்கப்பூர்ப் பதிவு’ வாங்கிவிடாதீர்கள்.

ஆகவே பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான், அதாவது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி ‘சப்ளிமெண்டரி ரெஜிஸ்ட்ரேஷன்’, நம் மொழியில் துணைப் பதிவு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய பதிவு எண், அதில் என்ன தப்பு, சரியானது எது, இவ்வளவுதான் கேட்பார்கள். பெயர்ப் பிழை, விடுபட்ட கூட்டாசிரியர் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் முடித்துவிடலாம். கட்டணம் 100 அமெரிக்க வெள்ளி.

பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான்: பழைய சான்றிதழை அடித்துவிட்டுப் புதிது தர மாட்டார்கள். பழையது அப்படியே இருக்கும், துணைப் பதிவு தனி எண்ணோடு அதன் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும், சேர்த்தே பத்திரப்படுத்தவும் வேண்டும். முதல் பதிவின் தேதி மாறாது. திருத்தத்துக்கு, விண்ணப்பமும் கட்டணமும் போய்ச் சேர்ந்த நாளே தேதி.

பிழையால் பழைய பதிவு செல்லாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். உண்மை நிலவரமோ சட்டமோ சரியாகத் தெரியாமல் தப்பாக எழுதியிருந்தால், அதற்காகவே பதிவைத் தள்ளிவிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஆனால் உங்களுக்கு இப்போது பிழை தெரிந்துவிட்டது. அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல. தோழியின் பெயர் எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயமும் இல்லை, உரிமையில் அவருக்கும் பங்கு உண்டு. நானாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே, யார் எந்தக் கதையை எழுதினோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வேன். நட்பு நன்றாக இருக்கும்போது இது ஐந்து நிமிட வேலை.

அப்புறம் அந்த 4 கதைகள். துணைப் பதிவில் அவற்றை நுழைக்க முடியாது. முதல் பதிவின்போது நூலில் இருந்ததைப் பற்றிய தகவலை மட்டுமே அது திருத்தும். புதுக் கதைகளுக்குப் புதுப் பதிவு வேண்டும். அந்த விண்ணப்பத்தில் பழைய கதைகளை விலக்கி, புதியவற்றுக்கு மட்டும் உரிமை கோருங்கள்.

பின்னாளில் உரிமையை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தால் அதற்கும் துணைப் பதிவு உதவாது. உரிமை மாற்றிய பத்திரத்தைத் தனியே பதிய வேண்டும். தேசிய நூலக வாரியத்துக்கு நூலின் பிரதி கொடுப்பது வேறொரு கடமை. அதைக் கொடுத்தாலும் பதிப்புரிமைப் பதிவு ஆகிவிடாது.