அம்மாவின் இரண்டு மூட்டைகள்

அன்புள்ள அக்கா,

கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் பழந்துணியில் கையால் தைக்கும் கவந்திப் போர்வைகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய சின்னக் குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு 56 வயது. என் அம்மா ஈரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். போன வருடம் தவறிவிட்டார். பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு மூட்டை நிறைய வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. எறிய மனம் வரவில்லை.

குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட போர்வை, தைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று மூன்று மாதமாக வீடியோ பார்க்கிறேன். உருளைக் கத்தி, அதற்கான பாய், ஸ்கேல் எல்லாம் வாங்கிவிட்டேன். 4½ அங்குலச் சதுரங்களாக வெட்டித் தைத்தால் மூலைகள் சேர்வதே இல்லை. இரண்டு முறை பிரித்துவிட்டேன். ஒரே அளவில் வெட்டிக் கட்டி விற்கும் புதுத் துணியை வாங்கச் சொல்கிறாள் மகள்.

எனக்குப் படம் வரையத் தெரியாது. நிறப் பொருத்தமும் பிடிபடாது. டிசைன் படிக்காமல் இதைச் செய்ய முடியுமா? அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது, மடிப்புகளில் இழை விட்டுப்போயிருக்கிறது. அதை வெட்டலாமா? சில துண்டுகளில் அம்மா சாக்பீஸில் போட்ட கோடும் எண்ணும் அழியாமல் அப்படியே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. முதலில் அந்தச் சதுரங்களில் ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுபடும். அம்மா வெட்டியது ஜாக்கெட். கிராஸ் கட் என்றால் உடம்போடு படிந்து நிற்பதற்காகத் துணியை மூலைவாட்டில் போட்டு வெட்டியிருப்பார். மீந்த துண்டின் ஓரமும் மூலைவாட்டில்தான் இருக்கும். பாவு இழை வாக்கில், அதாவது நீளவாக்கில், துணி அனேகமாக இழுபடாது. ஊடை வாக்கில், அதாவது குறுக்குவாக்கில், சற்று இழுபடும். மூலைவாட்டில் ரப்பர் போல நீளும். ஈரோட்டுக்காரருக்குப் பாவும் ஊடையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் துண்டின் ஓரத்தோடு ஸ்கேலை வைத்துச் சதுரம் வெட்டினால், வெட்டும்போது சதுரம், மிஷினில் ஓடும்போது சாய்சதுரம். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஓட்டினால் இன்னும் மோசம். தைத்த துண்டின் மேல் பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 4½ அங்குலம் என்பது இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, 4 அங்குலமாக நிற்க வேண்டிய சதுரம். தையல் வெறும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப்போனால், இரண்டு துணியிலுமாக ஒவ்வொரு தையலுக்கும் 1/8 அங்குலம் குறையும். பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ஒன்பது தையல். வரிசை ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டையாகிவிடும். அடுத்த வரிசையில் இதே அளவு தவறாதவரை மூலைகள் எப்படிச் சேரும்? கட்டம் போட்ட டிசைன் ஒரே சீரான துணியையும் ஒரே சீரான தையலையும் கேட்கிறது. உங்களிடம் இருக்கும் மூட்டையின் இயல்பு வேறு. கைக்குழிக்கு வெட்டிய பிறைத் துண்டுகள், கழுத்தில் விழுந்த அரைவட்டங்கள், மெல்லிய முக்கோணங்கள், ஓரக் கீற்றுகள். அதற்கு ஏற்ற முறையைத்தான் நாம் தேட வேண்டும். துணியைப் பார்த்துத்தான் டிசைன். புதுத் துணி வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான், மகளிடம் சொல்லுங்கள்.

தார்வாடில் நாங்கள் ஐந்து வருடம் இருந்தோம். அங்கிருந்து மேற்கே காட்டுப்பக்கம் போனால் ஹளியாள், யெல்லாப்பூர், முண்டகோடு. உத்தர கன்னட மாவட்டம். அங்கே சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். போர்த்துகீசியரின் கோவாவில் அடிமைப்பட்டுக் கிடந்து, தப்பி இந்தக் காடுகளுக்குள் வந்து தங்கியவர்கள் அவர்களில் பலருடைய முன்னோர். 2003-ல்தான் கர்நாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். பெண்கள் தைக்கும் கவந்தி மட்டும் மூன்று மதத்தாரிடமும் உண்டு. சிலுவை வைத்த கவந்தியும் பிறை வைத்த கவந்தியும் ஒரே முறையில் தைக்கப்பட்டிருக்கும்.

ஹளியாளுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், என் பாட்டி வயதுள்ள ஒருவர் தைப்பதை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பழைய பருத்திப் புடவையைத் தரையில் விரித்திருந்தார். துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டம் கிடையாது, குண்டூசி கிடையாது, பென்சில் கோடு கிடையாது. ஒரு மூலையில் ஒரு துண்டை வைத்து, அதன் ஓரத்தையும் புடவையின் ஓரத்தையும் உள்ளே மடித்து, ஓட்டுத் தையலில் தொடங்கினார். பக்கத்தில் அடுத்த துண்டு. அப்படியே நாலு ஓரமும் சுற்றி வந்தார். பிறகு அதற்கு உள்வரிசை. அதற்கும் உள்வரிசை. நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் தையல். ஒவ்வொரு துண்டும் முந்தியதன் ஓரத்தை மூடும். ஊசி வரும் இடத்துக்குச் சற்று முன்னால் கட்டைவிரலால் ஓரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே போவார். ஒட்டுப்போடும் தையலும், அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையலும் அங்கே ஒன்றுதான். அதனால் வரிசை வரிசையாக ஓடும் நூலே அந்தப் போர்வையின் கோலமாகிவிடுகிறது.

எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று எப்படித் தெரிகிறது என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் துண்டை எடுத்து வைத்தார். என்னைப் பார்த்தார். அதை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நீலம் வைத்ததும் பக்கத்திலிருந்த சிவப்பு எழுந்து நின்றது. எனக்கும் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே தைக்கத் தொடங்கினார். டிசைன் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. இன்றுவரை அதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. வரையத் தெரிய வேண்டாம். வைத்துப் பார்க்க வேண்டும், எடுத்துவிட வேண்டும், மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் போதும்.

நாலு மூலையிலும் சின்னத் துண்டை முக்கோணமாக மடித்து மடித்து வைத்து முடித்தார். அதற்குப் பூ என்று பொருள்படும் பெயர். அது இல்லாத கவந்தி அம்மணமாக நிற்பது போல என்பது அவர்கள் எண்ணம்.

நீங்களும் இதில்தான் தொடங்க வேண்டும். மூலைகள் சேர வேண்டிய அவசியமே இல்லாத முறை இது. பிறைத் துண்டும் முக்கோணமும் அப்படி அப்படியே உட்காரும். மூலைவாட்டு ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடுவதால் அது இழுபடாது. வளைந்த ஓரத்தை மடிப்பதற்கு மூலைவாட்டத் துணிதான், பாவு அல்லது ஊடை வாக்கில் வெட்டிய நேரிழைத் துணியைவிட நன்றாக வளைந்து கொடுக்கும். சதுரத்தில் உங்களுக்கு எதிரியாக இருந்தது இங்கே உதவிக்கு வரும்.

அகலம் 3 அடி, நீளம் 4 அடி போதும், குழந்தைப் போர்வை அளவு. அடியில் பழைய பருத்திப் புடவையில் ஒரு பாதியை மடித்துப் போடுங்கள். மூட்டையில் லைனிங் துண்டுகள் நிறைய இருக்கும், அவற்றை மேல் துண்டுகளுக்கு அடியில் பரப்பினால் கனம் கிடைக்கும். பஞ்சு விரிப்பு வாங்க வேண்டாம். தடித்த பருத்தி நூல், கெட்டியான ஊசி, நடுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ள ஓர் உலோகத் தொப்பி. எனக்கு முதல் கவந்திக்கு ஏழு வாரம் ஆனது.

நிறத்துக்கு வருகிறேன். உங்கள் மூட்டையில் பெரும்பகுதி டூ பை டூ ரூபியா என்ற ஜாக்கெட் துணியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது பெரும் செல்வம். ஒரே கனத்தில், பூப்போடாத ஒற்றை நிறத் துணி, நூற்றுக்கணக்கான நிறங்களில். புடவைக்கு மேட்ச் பார்த்து வாங்கியவை என்பதால் ஒரே பச்சையிலேயே பத்துப் பச்சை இருக்கும். இதை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. துண்டுகளை நிறம் வாரியாகப் பிரிக்காதீர்கள். வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக்கொள்வது போலத் தெரியும், கறுப்பு வெள்ளையில் பார்த்தால் பல சமயம் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கும். போர்வையைத் தூரத்தில் நின்று பார்க்கும்போது உருவத்தைக் காட்டுவது இந்த வெளிர்-அடர் வேறுபாடுதான். பொருத்தம் தெரியாது என்று பயப்பட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

துணியிலிருந்துதான் டிசைன் என்பதற்கு இன்னொரு ஊரும் சாட்சி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. மூன்று பக்கமும் ஆறு. பலருக்கு பெட்வே என்பதே குடும்பப்பெயர், தங்கள் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த பண்ணைக்காரரின் பெயர் அது. அந்த மக்கள் வாக்குரிமைக்காகப் பதியத் தொடங்கிய காலத்தில், 1962-ல், அக்கரையிலிருக்கும் ஊருக்குப் போகும் படகை நிறுத்திவிட்டார்கள். மறுபடி படகு ஓடியது 2006-ல். குளிரில் காற்று புகும் வீடுகளில் போர்த்திக்கொள்வதற்காக அந்தப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளிலிருந்து போர்வை தைத்தார்கள்.

1966-ல் பக்கத்தில் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு தொடங்கியது. 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் அவர்களிடம் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கக் கொடுத்தது. அந்த வேலையில் மீந்த வெட்டுத் துண்டுகள் வீடு வீடாகப் போயின. கார்டுராய் தடித்த துணி, வரி வரியாக மேடு உள்ளது. சின்னதாக வெட்டித் தைத்தால் தையல் மேடு கட்டிப் படியாது. அதனால் பெரிய பெரிய பட்டைகளாகவே சேர்த்தார்கள். தங்கமஞ்சளும் பாசிப்பச்சையும் சிவப்புமாக, எந்தப் பூவேலையும் இல்லாமல், அகன்ற பட்டைகள். கூட்டுறவில் வாடிக்கையாளர் கேட்ட அளவுக்கு ஒரே மாதிரி தைத்தவர்கள், வீட்டில் துணி விட்ட வழியில் தைத்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் கீஸ் பெண்ட் போர்வைகளைத் தொங்கவிட்டபோது, நவீன ஓவியம் போல இருக்கிறதே என்று நகரத்து விமர்சகர்கள் வியந்தார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. எனக்கு அந்த ஒப்பீட்டில் ஆர்வமில்லை. மீந்த துணியின் குணத்தை மதித்துத் தைத்தவர்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர்களின் ஹவுஸ்டாப் என்ற முறையை நீங்கள் இரண்டாவதாகச் செய்யலாம். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகக் கீற்றுகள். கவந்திக்கு நேரெதிராக, நடுவிலிருந்து வெளியே வளரும். எவ்வளவு பெரிதாகும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, துணி தீர்கிறவரை சுற்றலாம். அதற்கு மட்டும் நேரிழைக் கீற்றுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய உருளைக் கத்தியும் ஸ்கேலும் அங்கே பயன்படும்.

பட்டுப்புடவையை வெட்டலாம். இந்தப் போர்வையில் சேர்க்க வேண்டாம். மடிப்பில் விட்ட பட்டு, துவைக்கிற போர்வையில் ஒரு வருடம் தாங்காது. 1880-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாகச் சேர்க்கும் கிரேசி குவில்ட் பெரிய மோகமாக இருந்தது. அன்று பட்டை எடை போட்டு விற்றார்கள். எடை கூட்டுவதற்கு உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டுகள் இன்று கை பட்டாலே நூல் நூலாக உதிர்கின்றன. ஆனாலும் அந்தப் பெண்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பட்டுத் துண்டையும் பருத்தி அடித்துணியின் மேல் வைத்தே தைத்தார்கள். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஊசி பிடிப்பது கைக்குப் பழகிய பிறகு, விட்டுப்போகாத பகுதியை மட்டும் வெட்டி, மெல்லிய பருத்தியை அடியில் கொடுத்து, சுவரில் தொங்கவிடும் சிறியதொன்றாகச் செய்யுங்கள்.

கீஸ் பெண்டில் மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு 1942-ல், அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் போர்த்திப் படுப்பதற்காக அம்மா அதைத் தைத்ததாக அவர் மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடங்கள் அந்தப் போர்வையில் அப்படியே தெரிகின்றன. நல்ல இடமாகப் பார்த்து வெட்டி எடுக்கவில்லை அவர். உங்கள் கடிதத்தில் சாக்பீஸ் கோடுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

தைப்பதற்கு முன் எல்லாத் துண்டையும் துவைத்தாக வேண்டும். துவைக்காத பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அரக்கும் கருநீலமும் சாயம் விடும். ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, சாயம் விடுவதைத் தனியே அலசுங்கள். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அந்தத் துண்டில் சூடான இஸ்திரி வைக்கக் கூடாது.

ஆனால் துவைத்தால் அம்மாவின் கோடு போய்விடும். அதனால் ஒரு துண்டையும் தண்ணீரில் போடாமல், முதலில் இரண்டு மூட்டையையும் தரையில் கொட்டி, சாக்பீஸ் எழுத்து இருப்பவற்றை மட்டும் பொறுக்கித் தனியே வையுங்கள். ஒற்றை இழைச் சிவப்பு நூல் எடுத்து, அந்தக் கோடுகளின் மேலேயே, எண்ணின் மேலேயே, சிறு ஓட்டுத் தையலாகப் போட்டு வாருங்கள். முதலில் ஒரு துண்டில் செய்து துவைத்துப் பார்த்து, நூல் சாயம் விடவில்லை என்று தெரிந்த பிறகு மற்றவை. கவந்தியின் கடைசித் துண்டு நடுவில்தான் வரும். அந்த இடத்துக்கு அவற்றில் ஒன்றை எடுத்து வையுங்கள்.