வாசனை கேள்வி பதில்: வட்டிலப்பம் மணக்கும் சிமிழ்

ரம்பையையும் துருவிய தேங்காயையும் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டேன். ஒரு கிழமையில் புளித்த மணம் வருகிறது. என்ன பிழை?
*வாசகி, புதுக்குடியிருப்பு*

தண்ணீர்தான். பச்சை இலையிலும் தேங்காய்த் துருவலிலும் உள்ள ஈரம் எண்ணெயின் அடியில் இறங்கி நொதிக்கிறது. தேங்காய்ப்பால், பசுப்பால், தயிர் எதைப் போட்டாலும் இதே கதைதான். புரதமும் சேர்ந்து பழுதாகும். ரம்பையை நிழலில் வாடவிட்டுப் போட்டால் எண்ணெய் தப்பும், ஆனால் மணம் தங்காது. சோற்றுக்கு வாசம் தரும் அதன் சேர்வை சீக்கிரம் ஆவியாகிச் சிதைந்துவிடும். மிஞ்சுவது வைக்கோல் வாசம்.

தேங்காயின் மணத்துக்குக் காரணம் லக்டோன் எனப்படும் சேர்வைகள். சூடாக்காமல் பிழிந்த தேங்காயெண்ணெயில் அவை கொஞ்சம் இருக்கின்றன. ஆகவே துருவலை விட்டுவிட்டு, அந்த எண்ணெயையே அடிப்படையாக எடுங்கள்.

வட்டிலப்பம் போல, பால் தடிப்போடு மணக்கும் கட்டி வாசனை செய்ய அளவு தருவீர்களா? அற்ககோல் இங்கே கிடைக்காது.
*வாசகி, கிளிநொச்சி*

அற்ககோல் இல்லாதது நல்லதுக்குத்தான். இந்த வகை மணம் தோலில் மெதுவாக எழ வேண்டும். மெழுகும் எண்ணெயும் அதற்குத் தோதானவை.

பால் தடிப்பைத் தருவது இனிப்புச் சாமான் அல்ல, சந்தனம். வனிலாவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குக் கிடைப்பது கேக் கடை வாசம் மட்டும். 20 கிராம் சிமிழுக்கு:

தேன்மெழுகு 6 கிராம், சூடாக்காமல் பிழிந்த தேங்காயெண்ணெய் 12 கிராம், வாசனைக் கலவை 2 கிராம். அந்த 2 கிராமுக்குள் சந்தன எண்ணெய் 1.1, பென்சோயின் (சாம்பிராணி வகை) பிசின் சாறு 0.5, எண்ணெயில் கரையும் வனிலாச் சாறு 0.3, ஏலக்காய் எண்ணெய் 0.06, சாதிக்காய் எண்ணெய் 0.04. துளி எண்ணாதீர்கள், பிசினின் துளியும் ஏலத்தின் துளியும் ஒரே எடை அல்ல. நகைக்கடைக்காரர் பாவிக்கும் சிறிய தராசு போதும்.

முதலில் சந்தனத்தையும் பென்சோயினையும் சிறு கண்ணாடிக் குவளையில் விட்டு, 50 பாகை அளவான சுடுநீரில் வைத்து, நூல்போல இழுபடுவது நிற்கும்வரை கலக்குங்கள். பென்சோயின் வெறும் தேங்காயெண்ணெயில் சரியாகக் கரையாது, சந்தனத்தோடு சேர்த்துத்தான் இளக்க வேண்டும். பிறகு வனிலா. ஆறிய பின்பே ஏலமும் சாதிக்காயும். இறுக மூடி இரண்டு கிழமை இருட்டில் வையுங்கள். முதல் நாள் ஏலம் மட்டும் துருத்தி நிற்கும், அதைப் பார்த்து அளவை மாற்றவேண்டாம்.

சிமிழ் வார்க்கும் நாளில் மெழுகை எண்ணெயோடு சுடுநீர்ப் பாத்திரத்தில் உருக்குங்கள். மெழுகு உருக 62 முதல் 64 பாகை வேண்டும். இறக்கி, ஓரம் மங்கத் தொடங்கும்போது, இளஞ்சூடாக்கிய வாசனைக் கலவையை விட்டுக் கலக்கி உடனே ஊற்றுங்கள். கலவை குளிராக இருந்தால் மெழுகு மணல்மணலாக உறையும். அதிக சூட்டில் விட்டால் ஏலம் பறந்துவிடும். சிமிழின் அடியில் பழுப்புப் பிசின் படிந்தால் பென்சோயின் சரியாக இளகவில்லை என்று அர்த்தம். உருக்கித் திரும்பக் கலக்கலாம்.

தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே இளகும். எங்கள் வெயிலில் கைப்பையில் கொண்டு திரிவதென்றால் மெழுகை 7 ஆக்கி எண்ணெயை 11 ஆகக் குறையுங்கள். சந்தனம் விலை அதிகம் என்றால் பாதிக்கு, சந்தனச் சாயலில் மணக்கும் அமிரிஸ் மர எண்ணெய் போடலாம், தடிப்பு குறையும். கறுவாப்பட்டை எண்ணெய் வட்டிலப்பத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். விடுங்கள். மற்றவற்றையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்த பிறகே கழுத்துக்குப் போங்கள். வெள்ளைச் சட்டையில் படவேண்டாம், வனிலா பழுப்பு நிறம் விடும்.

கடையில் வாங்கும் வனிலா எசன்ஸ் விட்டால் என்ன?
*வாசகர், வவுனியா*

எண்ணெயோடு சேராது. அதன் திரவம் தண்ணீரோடு கலக்கும் வகை. மெழுகுக்குள் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். வனிலாக் காயை எண்ணெயில் ஊறவைப்பதும் பலன் குறைவு, அதன் மணச் சேர்வையான வனிலின் எண்ணெயில் மிகக் குறைவாகவே கரையும். 95 வீத எதனோல் (அற்ககோல்) கையில் உள்ளவர்கள் காய் 10 கிராமைப் பிளந்து நறுக்கி 100 மில்லிலீற்றரில் ஆறு முதல் எட்டுக் கிழமை ஊறவைத்து வடிக்கலாம். அது திரவ வாசனைக்கு உதவும், சிமிழுக்கு அல்ல. சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், பிசின் கலங்கிவிடும்.

பனங்கட்டி மணத்துக்காக வெந்தயச் சாறு சேர்த்தேன். உடம்பெல்லாம் கறித்தூள்!
*வாசகி, மல்லாவி*

வழி சரி, அளவு பிழை. வெந்தயத்தில் உள்ள சொட்டோலோன் மிகக் குறைந்த அளவில் எரித்த சீனி போலவும், கூடினால் கறி போலவும் மணக்கும். சாறு 1 பங்கை, அது எந்தத் திரவத்தில் (எண்ணெய் அல்லது அற்ககோல்) எடுக்கப்பட்டதோ அதே வகையின் 99 பங்கில் ஐதாக்கி, அதிலிருந்து துளியாகச் சேருங்கள். கெட்டுப்போன கலவையை எறியவேண்டாம்: வெந்தயம் இல்லாத புதுக் கலவை 10 பங்குக்கு அதில் 1 பங்கு விட்டால் சரியாகிவிடும்.

இலுப்பைப் பூவைப் பாவிக்கலாமா?
*வாசகர், இலுப்பைக்கடவை*

ரம்பையின் மணச் சேர்வை இலுப்பைப் பூவிலும் உண்டு, ஆகவே பாற்சோற்று வாசம் வரும். ஆனால் பூவில் சீனி நிறைய. நன்றாகக் காயவைக்காமல் எண்ணெயில் போட்டால் புதுக்குடியிருப்பு வாசகியின் நிலைதான். வெயில் வேண்டாம், நிழலில் காயவைத்து, ஒடித்தால் முறியும் பதத்தில் போடுங்கள். மூன்று நாளில் வடித்துப் புதுப் பூ மாற்றுங்கள்.