செத்த எலி மண்ணுக்குள்ள இறங்குதா? ஸ்ப்ரே அடிக்காதீங்க

சகோ, பூனை போட்டுட்டுப் போன எலி ராத்திரியோட பாதி மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு, பக்கத்துல கறுப்பு ஆரஞ்சு வண்டு, உடம்பு பூரா உண்ணி, மருந்து அடிக்கவான்னு கேட்டிருந்தீங்க. வேணாம், அது புதைவண்டு. நீங்க இருக்கற இங்கிலாந்துல இதுல சில வகை இருக்கு, உங்க போட்டோவுல மீசை நுனி குண்டும் கறுப்பாவே இருக்கறதால நிக்ரோஃபோரஸ் வெஸ்பிலாய்டஸ்னுதான் நினைக்கிறேன், இதே மாதிரி கோடு போட்ட மத்த சிலதுக்கு அந்த நுனி ஆரஞ்சா இருக்கும்.

அந்த உண்ணி நாய் மேல ஒட்டி ரத்தம் குடிக்கிற ரகம் இல்லங்க, வண்டை பஸ் மாதிரி புடிச்சு அடுத்த பொணத்துக்குப் போகுது, அங்க இறங்கி ஈ முட்டையைத் தின்னுடும், அதனால வண்டுக்கும் பல நேரம் லாபம்தான்.

வண்டு ஜோடியா அடியில மண்ணைத் தள்ளித் தள்ளி எலியை இறக்கும், முடியை உரிச்சு உருண்டையாக்கி, சீக்கிரம் அழுகாம இருக்க வாயிலயும் பின்னாடியும் வர்ற திரவத்தைத் தடவி வைக்கும். அப்புறம் அந்த வண்டோட குட்டிப் புழுக்கள் குஞ்சு பறவை மாதிரி தலையைத் தூக்கிக் கேக்க, அம்மா அப்பா ரெண்டும் கக்கி ஊட்டும்! பூச்சியில இப்படிப் பாக்கறது அபூர்வம். (சாப்பாடு பத்தலைன்னா சில புழுவை அந்த அம்மா அப்பாவே தின்னுடும், அது வேற கதை.)

பூனை தோண்டாம இருக்க மேல கம்பி வலை ஒண்ணு போடுங்க, பையன் தொட்டிருந்தா சோப்பு போட்டுக் கை கழுவுனா போதும்.