ஆன்லைன் படிப்பு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

பாளையங்கோட்டைல டியூஷன் நடத்துதேன், இந்த ஆப் படிப்ப லாக்டவுன்ல இருந்து பக்கத்துல நின்னு பாத்துட்டு வாரேன். கேட்டவங்களுக்கு வரிசையா பதில்.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, பைஜூஸ் அவ்வளவு பெரிய கம்பெனி, எப்படி கவுந்துச்சு? பள்ளிக்கூடம் தெறந்ததாலயா?

எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ, அது பாதிதான் தம்பி. பைஜூஸ்ங்கது ஆன்லைன்ல பாடம் நடத்துத கம்பெனி, 2011ல ஆரம்பிச்சு 2015ல ஆப் விட்டாவ, 2022ல மதிப்பு 2,200 கோடி டாலர்னாவ. பிள்ளைங்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தத நிரந்தரம்னு நம்பி, பிள்ளைங்களுக்கு கோடிங் சொல்லிக்குடுக்குத வைட்ஹேட் ஜூனியர 2020ல 30 கோடி டாலருக்கு, நீட், ஜேஇஇ கோச்சிங் நடத்துத ஆகாஷ 2021ல கிட்டத்தட்ட 100 கோடி டாலருக்குன்னு வாங்கிப் போட்டாவ, அதுக்கு மேல 120 கோடி டாலர் கடன் வேற. 2020-21 கணக்க 2022 செப்டம்பர்லதான் வெளிய விட்டாவ, பாத்தா நஷ்டம் 4,588 கோடி ரூபா. அந்த வருஷம் பள்ளிக்கூடம் பூட்டித்தானே கெடந்துச்சு, யாவாரம் சூடா இருக்கும்போதே இந்த லட்சணம்! 2023ல ஆடிட்டரே விலகிட்டாவ. கடைசில கிரிக்கெட் போர்டுக்கு ஜெர்சி ஸ்பான்சர் பாக்கி 158 கோடி, அந்த கேஸ்லதான் 2024 ஜூலைல திவால் நடவடிக்கை ஆரம்பிச்சுது.

முக்கூடல் அக்கா: தம்பி, ஒரு கோர்ஸ்காரன் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். மாசாமாசம் பேங்க்ல பணம் போவுது, மகன் அந்த ஆப்ப தொறக்கவே மாட்டேங்கான். எப்படி நிறுத்த?

அக்கா, மொதல்ல அந்த பேப்பர எடுத்துப் பாருங்க. ஃபீஸ் தவணைன்னு சொல்லியிருப்பான், ஆனா பெரும்பாலும் அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல போட்ட லோனா இருக்கும், கோர்ஸ்காரன் தன் பணத்த அன்னைக்கே வாங்கியிருப்பான், நீங்க மாசாமாசம் கட்டுதது ஃபைனான்ஸுக்கு. அதனால பேங்க்ல போய் ஆட்டோ டெபிட்ட மட்டும் நிறுத்துனா, கடன ஒழுங்கா கட்டுதோமான்னு போடுத சிபில் மார்க்குல அடி விழும், நாளைக்கு அவசரத்துக்கு லோன் கேட்டா கைய விரிச்சிருவாவ. கோர்ஸ்காரன், ஃபைனான்ஸ்காரன் ரெண்டு பேருக்கும் எழுத்துல போடுங்க, கோர்ஸ் வேண்டாம், லோன கேன்சல் பண்ணுங்கன்னு. 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகாரும் பதிஞ்சிருங்க. ஃபைனான்ஸ்காரன் 30 நாள்ல பதில் தரலைன்னா இந்த மாதிரி புகார விசாரிக்குத ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்கு போலாம். ஆட்டோ டெபிட்ட தவிருங்கன்னு மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர்லயே எச்சரிச்சுது, அத நம்ம தெருவுக்கு வந்து யாரு சொன்னா, சேல்ஸ்காரன்லா வந்தான்.

காரையார்ல இருந்து ஒருத்தர்: இங்க சிக்னலே இல்லயே?

லைவ் கிளாஸுக்கு காசு கட்டாதீங்க, அவ்வளவுதான். பாடப்புத்தகம் பிடிஎஃப்பா கெடைக்கி, அம்பைக்கு வரும்போது இறக்கி வச்சுக்கோங்க.

இன்ஜினியரிங் தங்கச்சி: என்பிடெல் சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு உண்டா அண்ணா?

உண்டும்மா. என்பிடெல்ங்கது ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து 2003ல ஆரம்பிச்ச ஆன்லைன் பாடத் திட்டம். பாடம் ஓசி, பரீட்சைக்கு மட்டும் 1,000 ரூபா, அதுவும் சென்டருக்கு நேர்ல போய் எழுதணும். அசைன்மென்ட்ல 25க்கு 10, பரீட்சைல 75க்கு 30 எடுத்தாத்தான் சர்டிஃபிகேட். ஓசின்னு சேந்துட்டு மூணாவது வாரமே காணாம போறவங்க நெறய, பரீட்சைக்கு பணம் கட்டுன பிள்ளைங்கதான் ராத்திரி உக்காந்து அசைன்மென்ட் போடுது, நான் கண்ணால பாக்கேன்லா.

களக்காடு மயினி: எட்டாப்பு பையன், வீட்டுல ஒரே போன், அதுவும் அவங்க அப்பா வேலைக்கு கொண்டு போயிருவாவ. காசு செலவில்லாம என்ன இருக்கு?

பகல்ல கல்வி டிவி போடுங்க மயினி, 2019ல இருந்து அரசாங்கம் நடத்துது, நெட் வேண்டாம். சாயங்காலம் போன் வந்ததும் மணற்கேணி ஆப், அதுவும் அரசாங்கத்தோடதுதான், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் பாடம் வீடியோவா இருக்கு. அத மட்டும் தொறந்து குடுங்க, யூடியூப்ல தேடச் சொன்னா பயல் ரெண்டாவது நிமிஷமே ஃப்ரீ ஃபயர் வீடியோல நிப்பான்.